புயலை நிறுத்தும் இயந்திரத்துக்குப் பங்குப் பணம் கட்டலாமா?

கடிதச் சுருக்கம்: களக்காடு பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாழை விவசாயி எழுதியிருக்கிறார். இரண்டு ஏக்கர் சொந்த நிலம், ஒன்றரை ஏக்கர் வாய்ப்பேச்சில் குத்தகை. முழுக்க ஏத்தன், அதாவது நேந்திரம் வாழை. போன சித்திரையில் ஒரு நாள் சாயங்காலம் அடித்த சூறைக்காற்றில், குலை தள்ளி நின்ற வாழையில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. பயிர்க் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டியிருந்தும் ஒரு பைசா வரவில்லை. இந்த நேரத்தில் ஒரு நிறுவனத்தின் முகவர் ஊருக்கு வந்திருக்கிறார். வானத்தைப் பார்த்துச் சுடும் பீரங்கி போன்ற இயந்திரமாம். மேகத்தைக் கலைத்துவிடுமாம். சுற்றிலும் 200 ஏக்கருக்குச் சூறைக்காற்றும் ஆலங்கட்டியும் வராதாம். 20 பேர் சேர்ந்து ஆளுக்கு 35,000 ரூபாய் போட வேண்டும். நம்மவர் 5,000 ரூபாய் முன்பணத்தைப் போனிலேயே அனுப்பிவிட்டார். அவருடைய அக்கா மகன் பெங்களூரில் கணினி வேலையில் இருக்கிறார். "2023 வெள்ளமே மேகத்தில் மருந்து தூவி உண்டாக்கியதுதான். வரவழைக்கத் தெரிந்தவனுக்கு நிறுத்தத் தெரியாதா? அரசாங்கத்து மேல கேஸ் போடுங்க மாமா" என்று அவர் சொல்கிறார். இயந்திரத்துக்குப் பணம் கட்டலாமா, அரசு மேல் வழக்குப் போடலாமா, காப்பீடு ஏன் வரவில்லை என்று மூன்று கேள்விகள்.

அண்ணாச்சி, ஒப்பந்தத்தின் நகலையும் கடிதத்தோடு வைத்து அனுப்பினீர்களே, நல்ல காரியம். நான் முதலில் அதைத்தான் படித்தேன். ஏழாவது பத்தியை நீங்களும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். "அசாதாரண வானிலை, பலத்த காற்று, ஆலங்கட்டி மழை ஆகியவற்றால் ஏற்படும் எந்த இழப்புக்கும் நிறுவனம் பொறுப்பல்ல" என்று பொடி எழுத்தில் இருக்கிறது. எதை நிறுத்துவதாகச் சொல்லி விற்கிறார்களோ அது வந்தால் தங்களைக் கேட்கக் கூடாது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பதினோராவது பத்தி இன்னும் மோசம். பங்குதாரர்கள் மொத்தத் தொகைக்கும் "கூட்டாகவும் தனித்தனியாகவும்" பொறுப்பு என்கிறது. இருபது பேரில் ஐந்து பேர் பின்வாங்கினால் அந்தப் பணத்தையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம். கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீலாக என் பதில் இதோடு முடிந்தது. ஆனால் அரை மணி நேரத்தில் ஒரு வருஷ உழைப்பு தரையில் கிடந்ததைப் பார்த்தவருக்கு, ஒருவன் வந்து நிறுத்திக் காட்டுகிறேன் என்றால் மனசு அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த இயந்திரம் என்ன செய்யும்?

சத்தம் போடும். அசிட்டிலின் வாயுவை வெடிக்க வைத்து, அந்த அதிர்வைக் கூம்பு போன்ற குழாய் வழியாக மேலே அனுப்பும். புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1896-ல் ஆஸ்திரியாவில் ஸ்டீகர் என்ற திராட்சைத் தோட்டக்காரர் ஆரம்பித்து வைத்தார். சில வருஷங்களிலேயே ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான பீரங்கிகள் முளைத்தன. அப்புறம் ஆஸ்திரிய, இத்தாலிய அரசுகள் முறையாகச் சோதித்துப் பார்த்தன. பீரங்கி சுட்டுக்கொண்டிருந்த இடத்திலேயே ஆலங்கட்டி விழுந்து பயிர் நாசமானது. கைவிட்டுவிட்டார்கள். நம் நாட்டில் இமாச்சலப் பிரதேச ஆப்பிள் தோட்டங்களில் இந்தப் பீரங்கிகள் உண்டு, ஆகவே முகவர் காட்டிய போட்டோ பொய்யாக இருக்காது. ஆனால் இதற்கு அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை என்று உலக வானிலை அமைப்பின் நிபுணர்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் ஆலங்கட்டியைப் பற்றிய பேச்சு. காற்றையும் நிறுத்தும் என்பது உங்கள் ஊருக்கு வந்தவர் தானாகச் சேர்த்துக்கொண்டது போலிருக்கிறது.

உங்கள் வாழையைச் சாய்த்த காற்று எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் மத்தியானத்துக்கு மேல் மலைப்பக்கம் மேகம் கட்டுகிறது. அது பத்து, பதினைந்து கிலோமீட்டர் உயரம் வரை எழும்பும். உள்ளே மழை உருவாகி இறங்கும்போது வழியிலேயே கொஞ்சம் ஆவியாகிறது, சுற்றியுள்ள காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம், ஆகவே சடசடவென்று கீழே விழுகிறது. தரையில் மோதியதும் நாலா பக்கமும் பரவுகிறது. அதனால்தான் முதலில் சில்லென்று ஒரு காற்று, பின்னாலேயே புழுதி, வாழை இலையெல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி நார் நாராகக் கிழிவது, அப்புறம்தான் மழை. குலை தள்ளிய ஏத்தனுக்குப் பாரமெல்லாம் உச்சியில், வேரோ மேலாக ஓடுவது. அந்த முதல் பத்து நிமிஷத்திலேயே கதை முடிந்துவிடும். இந்த மேகத்தை ஒரு வெடிச்சத்தம் கலைத்துவிடும் என்றால், அந்த மேகத்துக்குள்ளேயே இடிக்கிற இடி எப்போதோ கலைத்திருக்க வேண்டும்.

பெரிய புயலையாவது தடுக்க முடியுமா?

உங்கள் மருமகன் கேட்பது இதைத்தான், நியாயமான கேள்வியும்கூட. முயன்று பார்க்காமல் இல்லை. 1947 அக்டோபரில் அமெரிக்காவில் கடலுக்குள் இருந்த ஒரு புயலின் மேல் விமானத்திலிருந்து உறைபனிக் கட்டியாக்கிய கரியமில வாயுவைத் தூவினார்கள். புயல் திசை மாறி ஜார்ஜியா மாநிலத்தின் சவன்னா பக்கம் போய் அடித்தது. அவ்வளவுதான், உங்களால்தான் எங்கள் வீடு போச்சு என்று வழக்கு மிரட்டல்கள் கிளம்பின. தூவுவதற்கு முன்னாலேயே அது திரும்ப ஆரம்பித்திருந்தது என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். ஆனால் பழி விழுந்தது விழுந்ததுதான்.

பிறகு 1962 முதல் 1983 வரை 'ஸ்டார்ம்ஃப்யூரி' என்று ஒரு பெரிய திட்டம் நடத்தினார்கள். புயலின் மையத்தைச் சுற்றியுள்ள மேகங்களில் வெள்ளி அயோடைடைத் தூவி, காற்றின் வேகத்தைக் குறைப்பது யோசனை. 1969-ல் டெபி என்ற புயலில் தூவிய பிறகு ஒரு நாள் வேகம் 31 சதவீதம் குறைந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் யாரும் கைவைக்காத புயல்களும் இதேபோல் தானாக உள்வட்டத்தை மாற்றிக்கொண்டு தளர்வதும் வலுப்பதும் உண்டு என்று போகப் போகத் தெரிந்தது. மருந்து வேலை செய்ததா, புயல் தானாகத் தளர்ந்ததா என்று பிரித்துச் சொல்லவே முடியவில்லை. மருந்து பிடிப்பதற்குத் தேவையான அதிகுளிர் நீரும் (உறைநிலைக்குக் கீழே போயும் உறையாத நீர்) அந்த மேகங்களில் போதுமான அளவு இல்லை. திட்டத்தை மூடிவிட்டார்கள். முதிர்ந்த புயல் ஒன்று மழையாக்கும்போது வெளியிடும் வெப்பம், உலகத்து மின் நிலையங்களின் மொத்தத் திறனைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு என்பது அமெரிக்க வானிலை ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. அணுகுண்டு போடலாமே என்று கேட்கிறவர்களுக்கும் இந்தக் கணக்கைத்தான் பதிலாகச் சொல்கிறார்கள்.

நம் நாட்டிலும் ஆராய்ச்சி உண்டு. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 2,000 கோடி ரூபாயில் ஒப்புதல் தந்த 'மிஷன் மௌசம்' திட்டத்தில் வானிலையை மாற்றியமைப்பது பற்றிய ஆய்வும் சேர்ந்திருக்கிறது. முகவர் காட்டிய செய்தித்தாள் நறுக்கு அதைப் பற்றியதுதான். ஆராய்ச்சி நடக்கிறது என்பதற்கும் சரக்கு விற்பனைக்கு வந்துவிட்டது என்பதற்கும் இடையில் ரொம்ப தூரம் இருக்கிறது.

சரி, என்றாவது ஒரு நாள் முடிந்தது என்றே வைத்துக்கொள்வோம். கன்னியாகுமரிக்கு வர வேண்டிய புயலைத் திருப்பிவிட்டார்கள், அது இராமேஸ்வரத்தில் கரை கடந்தது. யார் பதில் சொல்வது? இன்றைக்குப் புயல் யார் கையிலும் இல்லாததால்தான் சட்டம் அதை இயற்கையின் செயல் என்று விட்டுவிடுகிறது. மனிதன் கை பட்ட நிமிஷமே அந்தப் பாதுகாப்பு போய்விடும். வானிலையைப் போர் ஆயுதமாக்கக் கூடாது என்று ஒரு சர்வதேச உடன்படிக்கை 1978 முதல் அமலில் இருக்கிறது, இந்தியாவும் அதில் உண்டு. ஆனால் நல்லெண்ணத்தோடு திருப்பி, அது அடுத்தவன் தலையில் விழுந்தால் என்ன கணக்கு என்பதற்குச் சட்டத்திடம் இன்னும் பதில் இல்லை.

இது ஏதோ கற்பனைச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். உங்கள் கதை அப்படியே டெக்சாஸ் மாநிலத்தில் நடந்திருக்கிறது. ஆலங்கட்டியால் நொந்துபோன விவசாயிகள் சிலர், மேகத்தில் மருந்து தூவும் நிறுவனம் ஒன்றை அமர்த்தினார்கள். பக்கத்து வட்டாரத்து மாட்டுப்பண்ணைக்காரர்கள், "எங்களுக்குப் பெய்ய வேண்டிய மழையைக் கலைக்கிறார்கள், விமானம் வந்துபோனதும் மேகம் கரைவதைக் கண்ணால் பார்த்தோம்" என்று நீதிமன்றம் போனார்கள். அவர்கள் நிலத்துக்கு மேலே தூவக் கூடாது என்று இடைக்காலத் தடை கிடைத்தது, 1959-ல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இப்போது உங்கள் ஊரை நினைத்துப் பாருங்கள். கிழக்கே நாங்குநேரி, இராதாபுரம் பக்கமெல்லாம் மானாவாரி. கோடை மழை ஒரு தடவை தப்பினாலே அங்கே பெரிய விஷயம். "களக்காட்டுக்காரன் பீரங்கி வச்சு மேகத்தை விரட்டிட்டான்" என்று யாராவது கிளப்பிவிட்டால், மேகத்தைக் கலைப்பதற்காகவே பணம் கட்டினோம் என்று உங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமே அவர்கள் கைக்கு முதல் சாட்சியாகிவிடும். வேலை செய்யாத இயந்திரத்தை வாங்கி, வேலை செய்ததாகக் குற்றச்சாட்டையும் வாங்க வேண்டுமா? புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் நிமிஷத்துக்கு நாலு வெடி வெடித்தால் வனத்துறை சும்மா இருக்குமா என்பது தனிக் கதை.

2023 வெள்ளமும் அரசு மேல் வழக்கும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. தாமிரபரணி கரையை விழுங்கியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு ஜனங்கள் மாட்டிக்கொண்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு சதுர கிலோமீட்டருக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் ஒன்பதரை லட்சம் டன் தண்ணீர். அன்றைக்குக் குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி, கடலின் ஈரத்தை நிற்காமல் இழுத்துக் கொட்டியது. மேக விதைப்பால், அதாவது மேகத்தில் மருந்து தூவுவதால், இல்லாத ஈரத்தை உண்டாக்க முடியாது. சோலாப்பூரில் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் நடத்திய பரிசோதனையில் ஏற்கெனவே மழைக்குத் தயாரான மேகங்களிலிருந்து கிடைத்த கூடுதல் சுமார் 18 சதவீதம். 2025 அக்டோபரில் டெல்லியில் மாசைக் குறைக்கத் தூவிப் பார்த்தார்கள், காற்றில் ஈரம் போதவில்லை, சொல்லிக்கொள்ளும்படி மழை இல்லை. தூறல் வரவழைக்கவே இந்தப் பாடு. மருமகனிடம் இதை நிதானமாகச் சொல்லுங்கள். படித்த பிள்ளை, கேட்பார்.

ஆகவே புயலையோ மழையையோ தடுக்கவில்லை என்று அரசு மேல் போடும் வழக்கு முதல் நாளே தள்ளுபடி ஆகும். ஆனால் அரசை எதற்குமே கேட்க முடியாது என்று அர்த்தமில்லை, மருமகன் தவறவிடும் இடம் இதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் கார்வேட்நகரம் ஜமீன்தார் மேல் மதராஸ் ரயில்வே கம்பெனி ஒரு வழக்குப் போட்டது. பெருமழையில் ஜமீன் ஏரிகள் உடைந்து தண்டவாளத்தை அடித்துக்கொண்டு போய்விட்டன. அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. இந்த நாட்டில் ஏரி வைத்திருப்பது ஜனங்களின் வாழ்வுக்கான கடமை, உடைந்தது என்பதற்காக மட்டும் நஷ்டஈடு கிடையாது, அலட்சியம் இருந்தால்தான் பொறுப்பு என்று 1874-ல் தீர்ப்பானது. நூற்றைம்பது வருஷம் ஆகியும் நல்ல அளவுகோல்தான். நீதிமன்றம் கேட்பது மழை ஏன் வந்தது என்று இல்லை. மடை பழுதென்று முன்பே மனு கொடுத்தீர்களா? கால்வாயில் ஆக்கிரமிப்பு இருந்ததா? அணையைத் திறக்குமுன் கீழே இருப்பவர்களுக்குச் சொன்னார்களா? இந்த மாதிரிக் கேள்விகளுக்குத் தேதி போட்ட காகிதம் கையில் இருந்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு நிற்கும். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ன் கீழ் கடமைகளைச் செய்யவில்லை என்று அரசுகளை உச்ச நீதிமன்றம் 2016-ல் வறட்சி வழக்கில் கண்டித்திருக்கிறது. வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள், இல்லை 15100-க்குப் போன் போடுங்கள்.

காப்பீடு ஏன் வரவில்லை?

இதுதான் உங்கள் கடிதத்தில் உண்மையில் பணம் சம்பந்தப்பட்ட கேள்வி. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் வாழை போன்ற பயிருக்கு விவசாயியின் பங்கு அதிகபட்சம் 5 சதவீதம். ஆனால் இழப்பை இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். ஆலங்கட்டி, நிலச்சரிவு, வெள்ளம் தேங்குவது, மேகவெடிப்பு, மின்னல் தீ ஆகியவை என்றால் உங்கள் தோட்டத்தைத் தனியாக வந்து பார்ப்பார்கள். அந்தப் பட்டியலில் வெறும் காற்று இல்லை. காற்றும் புயலும் பிர்கா (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய் வட்டாரம்) அளவிலான மகசூல் கணக்கில் வருபவை. உங்கள் பிர்கா முழுக்க மகசூல் குறைந்தால்தான் தொகை, உங்கள் தோட்டமும் பக்கத்துத் தோட்டமும் மட்டும் சாய்ந்தால் இல்லை. உங்களை யாரும் ஏமாற்றவில்லை, திட்டத்தின் ஓட்டை அது. என்னைக் கேட்டால் வாழை மாவட்டங்களின் விவசாயச் சங்கங்கள் முதலில் சண்டை போட வேண்டிய இடமே இதுதான். இனி காற்றோடு ஆலங்கட்டி விழுந்தாலோ தண்ணீர் தேங்கினாலோ, 72 மணி நேரத்துக்குள் 14447-க்குச் சொல்லி, புகார் எண்ணை எழுதி வையுங்கள். ஒவ்வொரு பருவ அறிவிக்கையிலும் உங்கள் பிர்காவும் வாழையும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிரீமியம் கட்டுங்கள்.

அரசு நிவாரணம் வேறு. 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்றால் பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், இரண்டு ஹெக்டேர் வரை என்பது 2022–26 காலத்துக்கான பேரிடர் நிதி விதி. மத்தியப் பட்டியலில் புயல், வெள்ளம், ஆலங்கட்டி எல்லாம் உண்டு, உள்ளூர்ச் சூறைக்காற்று தனியாக இல்லை. ஆனால் உள்ளூர்ப் பேரிடர் என்று மாநில அரசு தனியே அறிவித்து, அந்த நிதியில் 10 சதவீதம் வரை செலவழிக்க வழி வைத்திருக்கிறார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கும்போது இந்த வழியைக் குறிப்பிட்டே எழுதுங்கள். இருபது பேர் சேர்ந்து ஒரே மனு கொடுத்தால் இன்னும் நல்லது. பீரங்கிக்குச் சேர்ந்த கூட்டம் இதற்குச் சேரட்டும்.

குத்தகை ஒன்றரை ஏக்கருக்கு அடங்கலில், அதாவது கிராமச் சாகுபடிக் கணக்கில், யார் பெயர் என்று எழுதவே இல்லையே? நிலத்துக்காரர் பெயரில் இருந்தால் நிவாரணமும் அவருக்குத்தான் போகும். எழுத்துக் குத்தகைக்கு அவர் தயங்குவார், குத்தகைதாரர் பதிவுச் சட்டத்தை நினைத்துப் பயப்படுகிறவர்கள் நம் பக்கம் அதிகம். குறைந்தபட்சம், இந்தப் பசலி ஆண்டில் சாகுபடி செய்வது நீங்கள்தான் என்று ஒரு சம்மதக் கடிதமாவது வாங்கி, கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி அடங்கலில் ஏற்றச் சொல்லுங்கள்.

முட்டுக் கொடுப்பது, வரப்போரம் சவுக்கோ அகத்தியோ காற்றுத் தடுப்பாக வைப்பது பற்றியெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தோட்டக்கலைத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: வானிலை ஆய்வு மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான இடி, மின்னல் எச்சரிக்கை தருகிறது, மின்னலுக்கென்றே 'தாமினி' செயலி இருக்கிறது. எச்சரிக்கை வந்த பிறகு முட்டுக்கம்பைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் ஓடாதீர்கள்.

கொடுத்த பணம்

முகவருக்கு அனுப்பிய 5,000 ரூபாயைத் திரும்பக் கேட்டு நிறுவனத்துக்கு ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து ஒரு கடிதம் போடுங்கள், சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு. அனுப்பிய தேதி, முகவரின் எண், அவர் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் உள்ள வாக்குறுதி, ஏழாவது பத்தி ஆகிய நான்கையும் எழுதி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். பணம் போன திரையின் படத்தை அழித்துவிடாதீர்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். பிழைப்புக்காக வாங்குகிற விவசாயியும் சட்டத்தில் நுகர்வோர்தான். தவறான விளம்பரமும் நியாயமற்ற வணிகமும் 2019 சட்டத்தில் நேரடியாகவே வருகின்றன. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. வழக்கு என்றால் தங்கள் ஊர் நீதிமன்றத்தில்தான் என்று ஒப்பந்தத்தில் போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனு கொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் மச்சினன் முழுப் பணமும் கட்டிக் கையெழுத்தும் போட்டுவிட்டார் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் இதே வழிதான். ரசீது இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு அறிக்கை போதும், பணம் கட்டிய நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு உள்ளே போய்விட வேண்டும்.